பாக்கிஸ்தான் - வங்காளதேச மக்கள்தொகை ஒப்பீடு

பாக்கிஸ்தானும் வங்காளதேசமும் 1947 முதல் 1971 வரை ஒரே நாட்டின் இரு பகுதிகளாக இருந்தன. அக்காலத்தில் கிழக்குப் பகுதியிலேயே (இன்றைய வங்காளதேசம்) கூடுதலான மக்கள் வாழ்ந்தனர். இன்று நிலைமை தலைகீழாக உள்ளது. வங்காளதேசத்தின் 2022 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 16.5 கோடிப் பேரும், பாக்கிஸ்தானின் 2023 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 24.1 கோடிப் பேரும் பதிவாகினர். ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்து புறப்பட்ட இரு சமூகங்கள் அரை நூற்றாண்டில் இவ்வளவு விலகிச் சென்றமையால், மக்கள்தொகையியலில் இவ்விரு நாடுகளும் அடிக்கடி ஒப்பிடப்படுகின்றன.

பிரிவுக்கு முன்

1951 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கிழக்குப் பகுதியில் சுமார் 4.2 கோடிப் பேரும், மேற்குப் பகுதியில் சுமார் 3.4 கோடிப் பேரும் வாழ்ந்தனர். 1961 இல் இவை முறையே 5.1 கோடி, 4.3 கோடி என உயர்ந்தன. இவ்வேறுபாடு வெறும் புள்ளிவிவரமாக இருக்கவில்லை. கிழக்கின் எண்ணிக்கைப் பெரும்பான்மையை ஈடுசெய்யும் வகையில் மேற்கு மாகாணங்கள் 1955 இல் ஒரே அலகாக இணைக்கப்பட்டன. 1956 ஆம் ஆண்டு அரசியலமைப்பு இரு பகுதிகளுக்கும் சம அளவு இடங்களை வழங்கியது. மக்கள்தொகை அடிப்படையில் இடங்கள் ஒதுக்கப்பட்ட 1970 தேர்தலில், 300 பொது இடங்களில் 162 கிழக்குக்குக் கிடைத்தன. அவற்றுள் 160 ஐ அவாமி லீக் வென்று தனிப் பெரும்பான்மை பெற்றது. அதன் பின்னர் எழுந்த முரண்பாடே 1971 ஆம் ஆண்டுப் போருக்கு இட்டுச் சென்றது.

கருவள வீதத்தில் ஏற்பட்ட பிளவு

1970களின் தொடக்கத்தில் இரு நாடுகளிலும் ஒரு பெண் சராசரியாக ஆறு முதல் ஏழு குழந்தைகளைப் பெற்றார். 1981 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்கூட வங்காளதேசமே (சுமார் 8.7 கோடி) பாக்கிஸ்தானை (சுமார் 8.4 கோடி) விடச் சற்று முன்னால் இருந்தது. 1993-94 ஆம் ஆண்டு ஆய்வில் வங்காளதேசத்தின் மொத்தக் கருவள வீதம் 3.4 ஆகவும், 2011 இல் 2.3 ஆகவும் குறைந்திருந்தது. பாக்கிஸ்தானில் 2017-18 ஆம் ஆண்டு ஆய்விலும் இது 3.6 ஆகவே இருந்தது.

இவ்வீழ்ச்சிக்குச் செல்வ வளர்ச்சியே காரணம் எனக் கூறுவதற்கில்லை. வீழ்ச்சி தொடங்கிய காலத்தில் வங்காளதேசம் உலகின் மிக வறிய நாடுகளுள் ஒன்றாக இருந்தது. சாந்த்பூர் மாவட்டத்தின் மத்லப் பகுதியில் 1977 இல் தொடங்கிய பரிசோதனைத் திட்டம் இங்கு முக்கியமானது. அப்பகுதியின் ஒரு பாதியில், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண் பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று கருத்தடைச் சாதனங்களை வழங்கினர். மறுபாதி வழக்கமான அரசுச் சேவையுடன் விடப்பட்டது. சேவை வழங்கப்பட்ட பாதியில் கருத்தடைப் பயன்பாடு இரண்டே ஆண்டுகளுக்குள் பத்து விழுக்காட்டுக்கும் குறைவான நிலையில் இருந்து முப்பது விழுக்காட்டளவுக்கு உயர்ந்தது. பெண்கள் வீட்டைவிட்டு அதிகம் வெளியே செல்லாத சமூகத்தில், சேவை வீட்டு வாசலுக்கே வந்தது தீர்மானகரமான காரணியாக அமைந்தது. அரசும் பல்லாயிரம் பெண் குடும்பநலப் பணியாளர்களை நாடெங்கும் அமர்த்தியது.

பாக்கிஸ்தானில் அயூப் கான் ஆட்சியின்போது, 1965 இலேயே பெரிய அளவிலான குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. ஆயினும் ஆட்சி மாற்றங்களால் அது தொடர்ச்சியை இழந்தது. வீடுகளுக்குச் செல்லும் பெண் சுகாதாரப் பணியாளர் திட்டம் 1994 இல்தான் தொடங்கியது. கருத்தடை முறைகளைப் பயன்படுத்தும் மணமான பெண்களின் பங்கு அங்கு 2017-18 இல் 34 விழுக்காடாகவும், வங்காளதேசத்தில் 2022 இல் 64 விழுக்காடாகவும் இருந்தது.

திருமண வயதைக் கொண்டு இவ்வேறுபாட்டை விளக்க முயல்வோருக்கு ஏமாற்றமே மிஞ்சும். 18 வயதுக்கு முன் மணமான பெண்களின் பங்கு (20-24 வயதினருள்) வங்காளதேசத்தில் ஏறத்தாழப் பாதி. பாக்கிஸ்தானில் ஐந்தில் ஒரு பங்கிலும் குறைவு. இளவயதில் மணந்தும் குறைவான குழந்தைகளைப் பெறுவது வங்காளதேசத்தின் தனித்தன்மை ஆகும்.

கணக்கெடுப்பும் அரசியலும்

வங்காளதேசத்தில் கணக்கெடுப்பு பெரும்பாலும் பத்தாண்டு இடைவெளியில் நடைபெற்று வந்துள்ளது. பாக்கிஸ்தானில் 1981 க்குப் பின் 1998 இலும், அதன் பின் 2017 இலுமே நடந்தது. தேசிய அவை இடங்களுடன், மாகாணங்களுக்கான நிதிப் பங்கீடும் மக்கள்தொகையைச் சார்ந்திருப்பது இதற்கு ஒரு காரணம். 2010 இல் நடைமுறைக்கு வந்த ஏழாவது நிதிப் பகிர்வில் மக்கள்தொகைக்கு 82 விழுக்காடு எடை அளிக்கப்பட்டது. எண்ணிக்கை குறைந்தால் பங்கும் குறையும் என்பதால், பிறப்பு வீதத்தைக் குறைக்க மாகாணங்களுக்கு நிதி ஊக்கம் ஏதும் இல்லை என விமரிசிக்கப்படுகிறது.

எதிர்காலக் கணிப்புகள்

ஐக்கிய நாடுகள் அவையின் 2024 ஆம் ஆண்டு நடுத்தரக் கணிப்பின்படி, 2050 இல் பாக்கிஸ்தானின் மக்கள்தொகை சுமார் 37 கோடியாகவும், வங்காளதேசத்தினது சுமார் 21 கோடியாகவும் இருக்கும். வங்காளதேசம் இந்நூற்றாண்டின் பிற்பாதியில் உச்சத்தை எட்டிப் பின் குறையத் தொடங்கும். பாக்கிஸ்தான் 2100 இல் 50 கோடியைத் தாண்டியிருக்கும். பாக்கிஸ்தானின் கருவள வீதம் தொடர்ந்து குறையும் என்னும் எடுகோளின் மீதே இவ்வெண்கள் நிற்கின்றன. வங்காளதேசத்திலும் 2011 இன் பின்னர் வீழ்ச்சி தேங்கி, 2022 ஆம் ஆண்டு ஆய்விலும் 2.3 என்ற அளவே பதிவானது. அந்நாட்டின் நிலப்பரப்பு பாக்கிஸ்தானின் ஐந்தில் ஒரு பங்கை விடக் குறைவு. சதுர கிலோமீட்டருக்கு 1,100 க்கும் மேற்பட்டோர் அங்கு வாழ்கின்றனர்.