முசிறியில் ஒரு ரோமக் கோயில்

எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் குடியிருப்பில் பிள்ளையார் கோயில் கட்டலாமா என்று பேச்சு எழுந்தது. "பிழைக்க வந்த ஊர்ல கோயில் எதுக்குப்பா?" என்றான் என் மகன். அவனுக்குச் சொன்னதையே நம் சங்க உறவுகளுக்கும் சொல்கிறேன்.

ரோமர் காலத்துத் தேசப்படம் ஒன்றின் 13ஆம் நூற்றாண்டுப் பிரதி வியன்னாவில் இருக்கிறது. அதில் சேரர் துறைமுகமான முசிறிக்கு அருகே 'அகஸ்டஸ் கோயில்' என்று குறித்திருக்கிறார்கள். அகஸ்டஸ், ரோமின் முதல் பேரரசன். முசிறிக்கு யவனர் பொன் கொண்டுவந்து மிளகு ஏற்றிச் சென்றதை அகநானூற்றின் 149ஆம் பாட்டும் சொல்கிறது.

கொடுங்கல்லூர் அருகேயுள்ள பட்டணம் என்ற சிற்றூரே முசிறி என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. கேரள வரலாற்று ஆராய்ச்சிக் கழகம் 2007 முதல் அங்கே அகழ்ந்தது. ரோம நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகள், படகுத்துறை, படகு எல்லாம் கிடைத்தன. கோயில் மட்டும் கிடைக்கவில்லை. ஆகவே அது இருந்ததென்று அடித்துச் சொல்ல முடியாது. இருந்திருந்தால், அதைக் கட்டியவங்களும் நம்மைப்போல வெளியூர்க்காரங்கதான்!

"அப்போ உள்ளூர்க்காரங்க இடம் கொடுத்திருக்கணுமே?" என்றான் மகன். நியாயமான கேள்வி. அடுத்த கூட்டத்துக்குக் கன்னட அண்டை வீட்டாரையும் அழைத்திருக்கிறோம்.