நன்னாரி வேர்

நன்னாரி இந்தியத் துணைக்கண்டத்தையும் இலங்கையையும் தாயகமாகக் கொண்ட கொடி. தாவரவியல் பெயர் ஹெமிடெஸ்மஸ் இண்டிகஸ். எருக்கும் அரளியும் அடங்கிய அப்போசைனேசி குடும்பத்தைச் சேர்ந்தது. தேனி மாவட்டத்தில் மேகமலை, வருசநாட்டு மலைகளின் அடிவாரப் புதர்க்காடுகளிலும், ஆண்டிபட்டிப் பக்கத்து மானாவாரி நிலங்களின் வேலியோரங்களிலும் தானாக முளைத்துக் கிடக்கும். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கின் நெல்வயலிலோ திராட்சைப் பந்தலடியிலோ இதைத் தேடிப் பயனில்லை.

கொடி மெலிந்தது. ஒரே கொடியில் குறுகி நீண்ட இலையும் அகன்ற இலையும் இருக்கும் என்பதால் புதியவர்கள் ஏமாறுவார்கள். எதிரெதிராக அமைந்த இலைகளின் நடுவில் ஓடும் வெள்ளைக் கோடும், கிள்ளினால் வடியும் பாலும் அடையாளம். பூ சிறியது, வெளியே பச்சை, உள்ளே கருஞ்சிவப்பு. காய்கள் இரட்டையாகத் தொங்கும்.

வேர்தான் மருந்து. கடைக்கு வரும் துண்டுகள் சுமார் 30 செ.மீ. நீளமும் 3 முதல் 8 மி.மீ. வரை தடிமனும் இருக்கும். உருண்டு, முறுக்கி வளைந்து, அதிகம் கிளைக்காமல் கரும்பழுப்பு நிறத்தில் காணப்படும். முற்றிய வேரின் தோலில் நெடுக்கே வரியும் குறுக்கே வெடிப்பும் விழுந்திருக்கும். தட்டினால் தோல் வளையம் வளையமாகக் கழன்று, உள்ளே மஞ்சளான கட்டை நரம்பு தெரியும். மணமும் குணமும் தோலில்தான். அதனால்தான் நரம்பை நீக்கிவிட்டு இடிக்கச் சொல்கிறார்கள் சித்த வைத்தியர்கள். உடற்சூட்டுக்கும் நீர்க்கடுப்புக்கும் இதைத் தருவார்கள். நாவில் முதலில் இனிப்பு, பிறகு இலேசான காரல். மணத்துக்குக் காரணம் 2-ஹைட்ராக்சி-4-மெத்தாக்சிபென்சால்டிஹைடு. வெனிலாவின் வெனிலினும் இதுவும் ஒரே மூலக்கூறு வாய்பாடு கொண்டவை, அணுக்களின் அமைப்புதான் வேறு.

1831இல் லண்டன் மருத்துவர் ஜான் ஆஷ்பர்னர் இவ்வேரை ஆங்கில மருத்துவத்துக்கு அறிமுகப்படுத்தினார்; 1864இல் பிரிட்டிஷ் மருந்து நூலிலும் ஏறியது. அங்கே அது நிலைக்கவில்லை. மதுரை ஜிகர்தண்டாவிலும் எலுமிச்சை சர்பத்திலும் நிலைத்துவிட்டது.

மேகமலைச் சரணாலயம் 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியானது. காட்டுக்குள் யார் வேண்டுமானாலும் வேர் தோண்டிவிட முடியாது. வேரோடு பிடுங்கினால் கொடியே போய்விடும் என்பதால் இந்தக் கட்டுப்பாடு நல்லதுதான். வேர்த்துண்டை நட்டே வீட்டில் வளர்க்கலாம்.

சந்தையில் நன்னாரி என்ற பெயரில் மாகாளிக் கிழங்கும் விற்கிறது. மணத்தை நம்பி வாங்க வேண்டாம்; இரண்டுக்கும் மணம் தருவது ஒரே பொருள். விரல் தடிமனுக்கு மேல் சதைப்பற்றோடு இருந்தால் அது மாகாளி. ஊறுகாய்க்கு அருமையானது, ஆனால் நன்னாரி அல்ல.