சஃபாரி: காலி செய்யப்பட்ட காட்டின் கணக்கு



சஃபாரி என்றதும் நம்ம ஊரில் பலருக்கு ஞாபகம் வருவது துணிதான். அரைக்கைக் கோட்டு, அதே நிறத்தில் பேன்ட், முன்னால் நாலு பாக்கெட்... மந்திரிகளின் பாதுகாவலர்களும் கல்யாண வீட்டுப் பெரியவர்களும் போட்டுக்கொண்டு வருவார்களே, அதேதான். ஆப்பிரிக்காவில் வேட்டைக்குப் போன வெள்ளைக்காரர்களின் உடுப்பிலிருந்து வந்த பெயர் அது. ஆனால் சுவாஹிலி மொழியில் சஃபாரி என்றால் வேட்டையும் இல்லை, துணியும் இல்லை. வெறும் 'பயணம்'. மூலம் அரபியின் 'சஃபர்'. இந்திப் பாட்டுகளில் அடிக்கடி வரும் அதே சஃபர்தான்!

இந்தச் சாதாரணப் பயணம் எப்படி சிங்கத்தைச் சுடும் பயணமாகி, பிறகு சிங்கத்தைப் படம் பிடிக்கும் பயணமானது? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். நான் படிப்பது பி.காம். அதனால் வரலாற்றையும் கணக்குப் புத்தகம் மாதிரிதான் பார்க்கத் தோன்றுகிறது. இரட்டைப் பதிவு முறையில் முதல் பாடமே 'பெறுபவரைப் பற்று வை, கொடுப்பவரை வரவு வை' என்பதுதான். பெற்றவர் ஒருவர் இருந்தால், கொடுத்தவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். சஃபாரியில் பெற்றவர் யார் என்று தெரியும். விமானம் ஏறி வரும் பயணி, விடுதி நடத்தும் கம்பெனி, கட்டணம் வாங்கும் அரசாங்கம். அப்படியென்றால் கொடுத்தவர் யார்?

மாட்டு நோயில் ஆரம்பித்த கதை

சஃபாரி விளம்பரங்களில் ஒரு விஷயத்தை விடாமல் சொல்வார்கள்: இது மனிதக் கை படாத ஆதி இயற்கை என்று. கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி, குடை விரித்த மாதிரி ஒரு வேலமரம், கீழே சிங்கம். மனிதன் மட்டும் இல்லை. ஆனால் அந்த நிலம் எப்போதும் ஆளில்லாமல் இருந்ததா? இல்லவே இல்லை. கிழக்கு ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் மசாய் போன்ற மக்கள் பல தலைமுறைகளாக மாடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள். புல்லுக்குத் தீ வைத்துப் புதுப்புல் வளர்த்தது, மாட்டை இடம் மாற்றி மாற்றி மேய்த்தது எல்லாம் சேர்ந்துதான் அந்தப் புல்வெளி புல்வெளியாகவே இருந்தது.

1880களின் கடைசியில் ரிண்டர்பெஸ்ட் என்ற கொள்ளை நோய் ஆப்பிரிக்காவின் வடகிழக்கில், இன்றைய எரித்ரியா பக்கம் நுழைந்தது. தமிழில் வெக்கை நோய் என்று சொல்வது இதைத்தான். இத்தாலியப் படைக்காகக் கடல் வழியாகக் கொண்டுவந்த மாடுகளோடு வந்ததாகக் கருதப்படுகிறது. பத்தே ஆண்டுகளில், 1896-97ல், அது தென்னாப்பிரிக்கா வரை போய்விட்டது. பல பகுதிகளில் பத்து மாடு இருந்த இடத்தில் ஒன்றுதான் மிஞ்சியது. பாலையும் மாட்டையும் நம்பி வாழ்ந்த மசாய் மக்கள் பஞ்சத்தில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். கூடவே பெரியம்மையும் வந்தது. மேய்ச்சல் நின்ற இடங்களில் புதர் மண்டி, செட்சி ஈ பெருகி, உறக்க நோய் பரவியது. பிழைத்தவர்களும் பல ஊர்களை விட்டு வெளியேறினார்கள்.

ஐரோப்பியர்கள் அந்தப் பகுதியைக் கைப்பற்றியது இதே சமயத்தில்தான்! அவர்கள் கண்ணில் பட்டது ஆளில்லாத நிலம். அது ஆதி இயற்கை இல்லை நண்பர்களே, இழவு விழுந்து வெறிச்சோடிக் கிடந்த வீடு.

ரயிலும் துப்பாக்கியும்

1896ல் ஆங்கிலேயர்கள் மொம்பாசா துறைமுகத்திலிருந்து விக்டோரியா ஏரியை நோக்கி உகாண்டா ரயில்வேயைப் போட ஆரம்பித்தார்கள். 1901ல் பாதை ஏரிக்கரையைத் தொட்டது. வேலை செய்தவர்களில் சுமார் 32,000 பேர் இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாப் பக்கமிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள். சுமார் 2,500 பேர் திரும்பவே இல்லை, அங்கேயே இறந்தார்கள். 1898ல் சாவோ ஆற்றுப் பாலம் கட்டும்போது கூடாரங்களுக்குள் புகுந்து ஆட்களை இழுத்துப் போன இரண்டு சிங்கங்களின் கதை ரொம்பப் பிரபலம். பேட்டர்சன் என்ற பொறியாளர் இரண்டையும் சுட்டுக் கொன்றார். இன்றும் அவை சிகாகோ அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. சுட்டவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். இறந்த கூலிகளின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

ரயில் வந்ததும் வேட்டைக்காரர்களும் வந்தார்கள். அமெரிக்க ஜனாதிபதி பதவி முடிந்த கையோடு 1909ல் தியோடர் ரூஸ்வெல்ட் வந்தார். அவரும் மகன் கெர்மிட்டும் மட்டும் சுட்ட விலங்குகள் 512. ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு மாதிரி சேகரிப்பதுதான் நோக்கம் என்று சொல்லப்பட்டது. அவர் எழுதிய பயணக் கட்டுரைகள் சஃபாரி என்ற சொல்லை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தன.

இதே காலத்தில்தான் மசாய் மக்கள் 1904லும் 1911லும் இரண்டு ஒப்பந்தங்கள் மூலம் ரயில் பாதைக்கு அருகிலிருந்தும் வடக்கே லைக்கிப்பியாவிலிருந்தும் தெற்கே நகர்த்தப்பட்டார்கள். நல்ல மேய்ச்சல் நிலம் வெள்ளைக்காரக் குடியேறிகளுக்குப் போனது. சட்டமும் மாறியது. காசு கட்டி உரிமம் வாங்கித் துப்பாக்கியால் சுட்டால் அது வேட்டை விளையாட்டு. உள்ளூர்க்காரர் வில்லும் கண்ணியும் வைத்துக் குடும்பத்துக்கு இறைச்சி தேடினால் அது கள்ள வேட்டை!

'பெருக்கித் தள்ளுபவர்'

வேட்டை மிதமிஞ்சிப் போனதும் சுட்டவர்களுக்கே கவலை வந்தது. 1900ல் லண்டனில் காலனி ஆதிக்க நாடுகள் கூடி ஆப்பிரிக்க விலங்குகளைக் காப்பது பற்றி ஓர் ஒப்பந்தம் போட்டன. 1903ல் பிரிட்டனில் இதற்கென்றே ஒரு சங்கமும் தொடங்கியது. உறுப்பினர்களில் பலர் பழைய வேட்டைக்காரர்கள். அதனால் 'மனம் திருந்திய கசாப்புக்காரர்கள்' என்று அவர்களைக் கிண்டல் செய்தார்கள்.

தெற்கே, பால் குரூகர் தலைமையிலான டிரான்ஸ்வால் அரசு 1898ல் சாபி காப்பகத்தை அறிவித்தது. 1902ல் அதற்குப் பொறுப்பாளராக வந்தவர் ஸ்டீவன்சன்-ஹாமில்டன். காப்பகத்துக்குள் குடியிருந்த மக்களை வெளியேற்றியது அவருடைய ஆரம்ப வேலைகளில் ஒன்று. உள்ளூர் சோங்கா மக்கள் அவருக்கு 'ஸ்குகுசா' என்று பெயர் வைத்தார்கள். 'பெருக்கித் தள்ளுபவர்' என்று பொருள். 1926ல் அந்தக் காப்பகம் குரூகர் தேசியப் பூங்கா ஆனது. 1927ல் பயணிகளுக்குத் திறந்தபோது முதல் ஆண்டில் வந்தது மூன்றே மூன்று கார்கள். இன்று சுமார் 19,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தப் பூங்காவின் தலைமை முகாமுக்குப் பெயர் என்ன தெரியுமா? ஸ்குகுசா! லட்சக்கணக்கானவர்கள் அங்கே தங்கிப் போகிறார்கள். பெயர்ப்பலகையிலேயே கொடுத்தவர்களின் கதை எழுதியிருக்கிறது, படிக்கத்தான் ஆள் குறைவு.

செரெங்கெட்டி சாகக்கூடாது... சரி, மசாய்?

இப்போது தான்சானியாவுக்கு வருவோம். செரெங்கெட்டி 1951ல் தேசியப் பூங்கா ஆனது. முதலில் மசாய் மக்கள் உள்ளே இருக்கலாம் என்றுதான் சொன்னார்கள். பிறகு பேச்சு மாறியது. 1958ல் மசாய் பெரியவர்கள் 12 பேர் ஓர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டார்கள். 1959ல் செரெங்கெட்டி மனிதர் குடியிருக்காத பூங்காவாகவும், பக்கத்து இங்கோரோங்கோரோ மனிதரும் விலங்கும் சேர்ந்து வாழும் பாதுகாப்புப் பகுதியாகவும் பிரிக்கப்பட்டன. இனி இதுதான் உங்கள் இடம் என்ற நம்பிக்கையில் மசாய் அங்கே போனார்கள்.

அதே சமயம் ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் கிர்ஷிமெக்கும் மகன் மைக்கேலும் வரிக்குதிரை மாதிரி வண்ணம் தீட்டிய சின்ன விமானத்தில் பறந்து செரெங்கெட்டியின் விலங்குகளை எண்ணினார்கள். 1959 ஜனவரியில் அந்த விமானம் விழுந்து மைக்கேல் இறந்துபோனார். 'செரெங்கெட்டி சாகக்கூடாது' என்ற அவர்களுடைய படம் ஆஸ்கர் விருது வாங்கி உலகத்தையே உலுக்கியது. தேசியப் பூங்காவுக்குள் யாருமே, உள்ளூர்க்காரர்கள்கூட, குடியிருக்கக்கூடாது என்பது கிர்ஷிமெக்கின் உறுதியான கருத்து. மாடுகள் இருந்தால் விலங்குகள் அழியும் என்ற பயம்.

ஆனால் நடந்தது என்ன? ஆண்டுதோறும் கூட்டம் கூட்டமாக ஆற்றைக் கடக்குமே வில்டபீஸ்ட், மாட்டு முகமும் தாடியும் வைத்த அந்த மான் இனம், 1961ல் சுமார் இரண்டரை லட்சம்தான் இருந்தது. 1970களின் கடைசியில் 13 லட்சம் ஆனது! முக்கியக் காரணம், சுற்றுவட்டார மாடுகளுக்குப் போட்ட வெக்கை நோய்த் தடுப்பூசி. மாட்டிடம் நோய் நின்றதும் வில்டபீஸ்ட் கன்றுகள் பிழைக்க ஆரம்பித்தன. அதாவது உலகமே படம் பிடிக்கும் அந்தக் காட்சிக்குப் பின்னால் மேய்ப்பர்களின் மாட்டுக்குப் போட்ட ஊசி இருக்கிறது. (2011ல் இந்த நோய் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது.)

மறுபக்கமும் இருக்கிறது

அப்படியானால் பூங்காக்களே வேண்டாமா? அப்படிச் சொன்னால் அதுவும் பாதிக் கணக்குதான். கென்யா 1977ல் விளையாட்டு வேட்டையைத் தடை செய்தது. அப்படியும் தந்தக் கும்பல்கள் இயந்திரத் துப்பாக்கியோடு வந்தன. 1973ல் கென்யாவில் சுமார் 1,67,000 யானைகள் இருந்ததாக மதிப்பீடு. 1989ல் மிஞ்சியவை சுமார் 16,000. அந்த ஆண்டு ஜூலையில் அதிபர் மோய், நைரோபி தேசியப் பூங்காவில் 12 டன் தந்தத்தைக் கொளுத்தினார். உலகத் தந்த வியாபாரத் தடையும் அந்த ஆண்டே முடிவானது. காவலும் எல்லையும் இல்லையென்றால் இன்று யானையே மிஞ்சியிருக்காது என்பதும் உண்மை. ஆனால் அந்தத் தந்தம் போனது பணக்கார நாடுகளின் சந்தைக்கு. மாடு மேய்ப்பவர் வீட்டு அலமாரிக்கு இல்லை.

திருத்தப் பதிவுகள்

கணக்கில் ஒரு பதிவு விட்டுப்போனால் திருத்தப் பதிவு போடுவோம் இல்லையா? அங்கேயும் சில இடங்களில் போட்டிருக்கிறார்கள். குரூகரின் வடகோடியிலிருந்த மகுலேகே மக்களை 1969ல் நிறவெறி அரசு வெளியேற்றியது. நிறவெறி ஆட்சி ஒழிந்த பிறகு அவர்கள் உரிமை கோரி, 1998ல் சுமார் 24,000 ஹெக்டேர் நிலத்தைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் அதை உழவில்லை. காடாகவே வைத்துக்கொண்டு, விடுதி வருமானத்தில் பங்கு வாங்குகிறார்கள். நமீபியாவில் 1996ல் வந்த சட்டம், தங்கள் பகுதி விலங்குகளால் வரும் வருமானத்தை கிராம மக்களே பெற வழி செய்தது. கென்யாவில் மசாய் மாராவைச் சுற்றியுள்ள பல தனிக் காப்பகங்களில் நிலச் சொந்தக்காரர்களான மசாய் குடும்பங்களுக்கு விடுதிகள் வாடகை கொடுக்கின்றன.

ஆனால் இங்கோரோங்கோரோவில் கணக்கு இன்னும் முடியவில்லை. 1970களிலேயே எரிமலைக் குழிக்குள் குடியிருப்பது நிறுத்தப்பட்டது. 1959ல் சுமார் 8,000 பேர் இருந்த பகுதியில் இன்று ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் இருக்கிறார்கள், நிலம் தாங்காது என்கிறது அரசு. 2022 முதல் பல குடும்பங்கள் பல நூறு கிலோமீட்டர் தள்ளி ம்சோமேரா என்ற ஊருக்குக் குடிபெயர்க்கப்பட்டன. விருப்பப்பட்டுத்தான் போகிறார்கள் என்கிறது அரசு. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பணம் வராமல் செய்து நெருக்கித் தள்ளுகிறார்கள் என்கிறார்கள் மசாய் மக்கள். 2024 ஆகஸ்டில் பயணிகள் போகும் சாலையிலேயே ஆயிரக்கணக்கில் திரண்டு நின்றார்கள். செரெங்கெட்டியை விட்டுக் கொடுத்தபோது இது உங்களுக்கு என்று காட்டிய இடம்தான் இது என்பதை மறக்க வேண்டாம்.

மக்கள்தொகை பெருகினால் பிரச்சினை வராதா என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் அந்த விளிம்பில் வரிசையாக நிற்கும் ஆடம்பர விடுதிகளும், தினமும் உள்ளே இறங்கும் ஜீப்புகளும் நிலத்துக்குப் பாரம் இல்லையா? மாட்டை மட்டும் எண்ணிவிட்டு ஜீப்பை எண்ணாமல் விட்டால் அதை எந்தத் தணிக்கையாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

சஃபாரி போவது தப்பு என்று நான் சொல்லவில்லை. பயணிகள் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதை 2020 கொரோனா காலம் காட்டியது. காவலர் சம்பளத்திலிருந்து கிராமத்து வாடகை வரை எல்லாமே ஆட்டம் கண்டது. நமக்கோ நம் நண்பர்களுக்கோ என்றாவது ஒரு நாள் அங்கே போக வாய்ப்பு கிடைத்தால், ஒரு நாளைக்கு எத்தனை சிங்கம் காட்டுவீர்கள் என்று கேட்பதோடு நிறுத்தாமல், இது யாருடைய நிலம், இந்தக் கட்டணத்தில் அவர்களுக்கு எவ்வளவு போகிறது என்றும் கேட்போம். பதில் சொல்லக்கூடிய கம்பெனிகள் இருக்கின்றன. அவர்களோடு போவோம்.