ஐந்து 'ஏன்' முறை

ஒரு கோளாறின் மூலகாரணம் பிடிபடும்வரை 'ஏன்?' என்று தொடர்ந்து கேட்கும் முறை. ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தில் வளர்ந்தது. டொயோட்டா குழுமத்துக்கு அடித்தளமிட்ட சகிச்சி டொயோடாவின் (1867–1930) பழக்கத்திலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். தொழிற்சாலையில் இதை வேரூன்றச் செய்தவர் பொறியாளர் தாய்ச்சி ஓனோ (1912–1990).

1978இல் வெளியான தம் நூலில் ஓனோ தரும் எடுத்துக்காட்டு இது. இயந்திரம் நின்றுவிட்டது. ஏன்? சுமை கூடி ஃபியூஸ் போயிற்று. சுமை ஏன் கூடியது? பேரிங்குக்கு எண்ணெய் போதவில்லை. அது ஏன்? பம்ப் சரியாக இறைக்கவில்லை. ஏன்? அதன் தண்டு தேய்ந்திருந்தது. தேய்ந்தது ஏன்? வடிகட்டி இல்லாததால் உலோகத் துகள் உள்ளே போயிற்று. முதல் பதிலோடு நின்றிருந்தால், ஃபியூஸை மட்டும் மாற்றியிருப்பார்கள். அதே கோளாறு மீண்டும் வந்திருக்கும்.

ஐந்து என்பது கட்டாயக் கணக்கல்ல. 'யார் செய்தது?' என்று கேள்வி திரும்பினால்தான் ஆபத்து: பழிக்கு அஞ்சுபவர் உண்மையைச் சொல்லமாட்டார். அறையில் உட்கார்ந்து ஊகிப்பதும் உதவாது. கோளாறு நேர்ந்த இடத்துக்கே போய், அங்கு வேலை செய்பவரிடம் கேட்க வேண்டும். பல காரணங்கள் பின்னிக் கிடக்கும் சிக்கல்களுக்கு இந்த ஒற்றைச் சங்கிலி போதாது என்பதே இம்முறையின் பெருங்குறை.