ஆளைப் பார்த்துப் பராமரிப்பு



இளமரத்தில் கத்தி வைப்பதுபோல் முதிர்ந்த பால்மரத்தில் நாம் வைப்பதில்லை. பட்டையைப் பார்த்துத்தான் வெட்டு. படுக்கையில் விழுந்த முதியோரைப் பராமரிப்பதும் அப்படித்தான். ஆளைப் பார்க்க வேண்டும். இந்த எளிய உண்மை நடைமுறைக்கு வர நெடுங்காலம் பிடித்தது. அந்த வரலாற்றைப் பார்ப்போம்.

இங்கிலாந்தில் ஒரு காலத்தில், நாதியற்ற ஏழை முதியோரை ஏழைச் சட்ட விடுதிகளில் சேர்த்தார்கள். 1935-ஆம் ஆண்டு லண்டனின் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை, பக்கத்திலிருந்த அத்தகைய விடுதி ஒன்றை ஏற்றுக்கொண்டது. அங்கிருந்த 714 பேர் டாக்டர் மார்ஜரி வாரன் அம்மையாரின் பொறுப்பில் வந்தனர். பக்கவாதம் கண்டவர், மூட்டு இறுகியவர், புத்தி தடுமாறியவர் எல்லோரும் ஒன்றாகக் கிடந்தனர். 'தீராத நோயாளி' என்ற ஒரே சொல்லில் எல்லோரையும் அடக்கிவிட்டார்கள். எழக்கூடியவரும் எழவில்லை. கிடக்கக் கிடக்கத் தசை வற்றும், மூட்டு மடங்கும், முதுகு புண்ணாகும். நோய் முடக்கியது பாதி. படுக்கை முடக்கியது மீதி!

அம்மையார் என்ன செய்தார்? ஒவ்வொருவரையும் தனித்தனியே சோதித்தார். இவருக்கு என்ன நோய், இன்னும் எது முடியும் என்று கண்டறிந்தார். அதற்கேற்பச் சிகிச்சையும் பயிற்சியும் அளித்தார். பலர் எழுந்து நடந்தனர். வீடு திரும்பியவரும் உண்டு. இந்த அனுபவத்தை 1943-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். முதியோர் மருத்துவம் தனித்துறையாக வளர அது வழிகாட்டியது.

அமெரிக்காவிலோ முதியோர் இல்லங்கள் பெருகியும் குறை தீரவில்லை. முதியவர்களை நாற்காலியில் கட்டினார்கள். மருந்தால் மயங்க வைத்தார்கள். எனவே 1987-இல் சட்டம் வந்தது. அரசாங்கப் பணம் பெறும் இல்லங்கள் ஒவ்வொரு முதியவரின் நிலையையும் ஆராய்ந்து, அவருக்கென்றே ஒரு பராமரிப்புத் திட்டத்தை எழுத வேண்டும். அதைத் தீட்டுவதில் அவருக்கும் குடும்பத்தாருக்கும் பங்கு உண்டு. மூன்று மாதத்திற்கு ஒருமுறை நிலையைத் திரும்பப் பார்க்கவும் வேண்டும்.

நம் வீட்டுத் தாத்தா பாட்டிக்கும் இது பொருந்தும். கரண்டி பிடிக்கும் கைக்கு நாம் ஊட்டிவிட்டால், அன்பினாலேயே அந்தக் கையை முடக்குகிறோம். எது முடியும், எதற்குத் துணை வேண்டும், எது பிடிக்கும் என்று அவர்களையே கேட்போம். பிள்ளைகளைக் கொண்டு ஒரு தாளில் எழுதி வைப்போம். அவர்களை இல்லத்தில் சேர்க்க நேர்ந்தால், அந்தத் தாளும் கூடவே போகட்டும்.