கணக்கெழுதும் கை யார் பக்கம்?

எலவனாசூர்கோட்டைக் கோயில் கல்வெட்டுகளில் ஊரின் பழம்பெயர் இறையானரையூர். விஜயநகர அதிகாரிகளின் வரிக் கெடுபிடியை எதிர்த்து 1429-இல் வலங்கை, இடங்கை என்ற இரு சாதிப் பிரிவினரும் கைகோத்த கதையைச் சொல்லும் கல்வெட்டுகள் உள்ள ஊர்களில் இதுவும் ஒன்று. அதே ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, ஒடுக்கியவர்களுக்கு யாரும் அடைக்கலம் தரக்கூடாது, கணக்கெழுதவும் கூடாது என்கிறது. நிலம் கிடந்த இடத்திலேயே கிடக்கும். அதை எழுதும் கை சாய்கிற பக்கம்தான் பலன் போகும் என்பது அந்தக் குடிகளுக்குத் தெரிந்திருந்தது. வீடு வாங்குபவர் தரகரிடம் முதலில் பார்க்க வேண்டியதும் கெட்டிக்காரத்தனத்தை அல்ல, அவர் யாருடைய கூலிக்கு நிற்கிறார் என்பதைத்தான்.

தரகு புதிதன்று, சோழர் செப்பேடுகள் அடுக்கும் வரிப் பெயர்களில் அதுவும் உண்டு. ஆனால் அன்று நில விற்பனைக்கு உறுதி தந்தது, நான்கெல்லை சொல்லிச் சாட்சிகள் ஒப்பமிட்ட விலையோலை. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள சொத்துக் கிரயத்தைப் பதியச் சொன்னது. பத்திரம் பதிவாகும், விற்பவரின் உரிமைக்கு அரசு ஜாமீன் நிற்காது. இந்த இடைவெளியில்தான் இன்றைய புரோக்கருக்கு வேலை. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் முகவர்களையும் பதிவுசெய்யச் சொன்னது உண்மைதான். ஆனால் அது பதிவான திட்டங்களை விற்பவர்களுக்கு மட்டும். 500 சதுர மீட்டருக்குள் அடங்கும் மனைப்பிரிவு அதில் வராது, தெருவிலுள்ள பழைய வீடும் வராது. புது மனைப்பிரிவு முகவரிடம் பதிவெண் கேட்கலாம். ஓட்டு வீட்டைக் காட்டும் உள்ளூர்க்காரரிடம் என்ன கேட்பது?

உள்ளூர்த் தரகருக்குத் தெரிந்தது எந்தக் காகிதத்திலும் இல்லை என்பார்கள். சரிதான். பதியாத பாகப்பிரிவினை வில்லங்கச் சான்றில் தெரியாது. தமிழ்நாட்டில் 1989-லேயே மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு வந்துவிட்டது. கட்டிக்கொடுத்த ஊரில் இருக்கும் தங்கை கையெழுத்துப் போடவில்லை என்பதைத் தெருவே அறியும், பட்டா அறியாது. ஆனால் இரு தரப்பிலும் கமிஷன் வாங்குபவர், கிரயம் முடிந்தால்தான் காசு பார்ப்பவர், அந்தத் தங்கையைப் பற்றி வாய் திறப்பாரா? வீட்டைக் காட்ட, விலை பேச அவர் போதும். மூலப்பத்திரத்திலிருந்து வாரிசுகள் வரை பார்க்கத் தனியாக ஒரு வக்கீல் வேண்டும். இரட்டைச் செலவுதான், சிறு வீட்டுக்கு உறுத்தவே செய்யும். ஆனால் வக்கீலுக்குக் கிரயம் முடிந்தாலும் முறிந்தாலும் கூலி ஒன்றே.