சோரன்சனின் தலைவலியும் கிளைசினும்

கோபன்ஹேகனில் பீர் ஆலைக்காரர் ஒருவர் தொடங்கிய கார்ல்ஸ்பெர்க் ஆய்வகம். அங்கே வேலை பார்த்த சோரன்சனுக்கு 1907-ல் ஒரு தலைவலி. அமினோ அமிலத்தைக் காரம் விட்டு அளந்தால் தெளிவான முடிவு கிடைக்கலை. ஏன்னா ஒரே மூலக்கூறில் அமில முனையும் இருக்கு, கார முனையும் இருக்கு. ஃபார்மலின் ஊற்றி அமினோ முனையைக் கட்டிப்போட்டுத்தான் அளந்தார்.

1909-ல் நொதிகளை ஆராய, அமிலத்தன்மை மாறாத கரைசல்கள் தேவைப்பட்டன. பி.எச். அளவுகோல் பிறந்தது அப்போதுதான். அவர் தயாரித்த தாங்கல் கரைசல்களில் ஒன்று எதில் தெரியுமா? அதே அமினோ அமில வகையைச் சேர்ந்த கிளைசினில்! அமிலம் விட்டால் ஹைட்ரஜன் அயனியை வாங்கிக்கொள்ளும். காரம் விட்டால் கொடுத்துவிடும்.

ஆனால் கிளைசின் நடுநிலைக்கு அருகே தாங்காது. நம்ம ரத்தத்தில் அந்த வேலையைச் செய்பவற்றில் ஒன்று ஹீமோகுளோபினின் ஹிஸ்டிடின். திசுக்களின் கார்பன் டை ஆக்சைடு உண்டாக்கும் அமிலத்தை அது பிடித்துக்கொள்வது, பி.எச். 7.4-ஐ ஒட்டியே நிற்க உதவுகிறது.